டேங்க் அடித்தட்டு எம்எஃப்எல் ஸ்கேன்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

எண்ணெய் டேங்க்கின் அடித்தட்டு மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அரிப்பு நடப்பது அதன் அடியில், மண்ணும் ஈரமும் படும் பக்கத்தில். 6 மிமீ தட்டில் அடியிலிருந்து 4 மிமீ தின்றுபோயிருந்தாலும் மேல் பெயின்ட் பளபளவென்று இருக்கும். அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லை என்பதால்தான் டேங்க்கைக் காலி செய்து, ஸ்லட்ஜை அள்ளி, கழுவி, வாயு இல்லை என்று சான்று வாங்கிய பிறகு எம்எஃப்எல் ஸ்கேனரை உள்ளே இறக்குகிறோம். காந்தப்புலக் கசிவை அளக்கும் கருவி அது.

அடிப்படையில் எளிய ஏற்பாடு. ஓர் இரும்புப் பாலத்தின் இரு முனைகளிலும் வலுவான நியோடிமியம் காந்தங்கள். பாலத்துக்குக் கீழே வரும் தட்டு காந்தத்தால் ஏறக்குறைய நிரம்பிவிடும், 1.6 முதல் 1.8 டெஸ்லா வரை போகும். நிரம்பிய தட்டில் உலோகம் குறைந்த இடம் வந்தால், போக வழியில்லாத புலம் மேலும் கீழும் பிதுங்கும். மேலே பிதுங்குவதை நடுவில் வரிசையாக இருக்கும் ஹால் சென்சாரோ (புலத்தை நேரடியாக உணரும் சில்லு) காயிலோ (கம்பிச்சுருள்) பிடிக்கும். 1868இல் இங்கிலாந்தில் சாக்ஸ்பி பீரங்கிக் குழலைக் காந்தமாக்கி, பக்கத்தில் திசைகாட்டியை நகர்த்தி, முள் ஆடும் இடத்தைப் பார்த்துக் குறை கண்டதும் இதே தத்துவத்தில்தான்.

ஒன்றை மட்டும் வேலை முடியும்வரை மறக்கக் கூடாது. கருவி அளப்பது காந்தப்புலத்தை, தடிமனை அல்ல. ஸ்கிரீனில் 60% என்று வந்தால், தெரிந்த ஆழத்துக்குக் குழி கடைந்த ரெஃபரன்ஸ் ப்ளேட்டில் இருக்கும் 60% குழி எவ்வளவு புலம் கசியவிட்டதோ கிட்டத்தட்ட அவ்வளவு இங்கேயும் கசிகிறது என்றுதான் அர்த்தம். ஏன் கசிகிறது என்பதைக் கண்டுபிடிப்பது நம் வேலை. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கும் மேல் இந்த வித்தியாசத்தை மறந்ததால் வருபவை.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஸ்கேனரை ரெஃபரன்ஸ் ப்ளேட்டில் ஏற்றி ஓட்டுங்கள். அங்கே சரியாகக் காட்டினால் கோளாறு டேங்க் தரையில். அங்கேயும் தவறினால் கோளாறு ஸ்கேனரில். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, தேடலில் பாதியைக் குறைத்துவிடும்.

ப்ளேட் சரியானதாக இருக்க வேண்டும். டேங்க் தட்டு 6 மிமீ என்றால் ரெஃபரன்ஸும் 6 மிமீ. 8 என்றால் 8. இரண்டும் ஒரே வகைக் கார்பன் ஸ்டீல். அடிப்பக்கத்தில் தடிமனில் 20, 40, 60, 80 விழுக்காடு ஆழத்துக்குக் கடைந்த குழிகள். டேங்க்கில் எவ்வளவு கோட்டிங் இருக்கிறதோ அதே தடிமனுக்கு பிளாஸ்டிக் ஷீட்டை மேலே விரித்துவிட்டு ஓட்ட வேண்டும். வெறும் ப்ளேட்டில் செட் செய்துவிட்டு 2 மிமீ லைனிங் மேல் ஓட்டினால் அந்த செட்டிங்கால் பயனில்லை.

காலையில் ஒருமுறை செய்தால் போதாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, பேட்டரி மாற்றியதும், கருவி கீழே விழுந்தாலோ பலமாக இடித்தாலோ உடனே, வேலை முடிந்ததும் ஒருமுறை. நேரத்தையும் அப்போது ஸ்கேன் செய்துகொண்டிருந்த தட்டின் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். அந்த ஒரு வரி எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தும் என்பது பின்னால் வருகிறது.

ரெஃபரன்ஸ் ப்ளேட்டிலேயே ஒன்றும் வரவில்லை

சென்சார் தலை கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கருவியைத் தூக்கி நகர்த்தும்போது தலையை மேலே ஏற்றிப் பூட்டுவார்கள். பூட்டைத் திறக்காமலே ஓட்டுவது நடக்கிற தவறுதான். அடுத்து கேபிள் கனெக்டர், பேட்டரி, முந்தைய வேலையில் ஏற்றிவைத்துவிட்டு இறக்க மறந்த த்ரெஷோல்டு (எந்த அளவுக்கு மேற்பட்ட சிக்னலைக் காட்ட வேண்டும் என்ற எல்லை).

காயில் வகை ஸ்கேனராக இருந்தால் வேகத்தையும் கவனியுங்கள். காயில் உணர்வது புலம் மாறும் வேகத்தை. மெல்லத் தள்ளினால் சிக்னலும் மெலியும். நின்றால் சிக்னலே இருக்காது. ஹால் சென்சாருக்கு இந்தச் சிக்கல் இல்லை, நின்றாலும் புலத்தைக் காட்டும். கையால் தள்ளும் காயில் கருவியில் ஒரே சீரான நடை வேண்டும். நொடிக்கு அரை மீட்டர் வசதியான வேகம்.

ஒரே ஒரு கோடு மட்டும் எப்போதும் அமைதி, அல்லது எப்போதும் இரைச்சல்

ஒரு சேனல் செத்திருக்கிறது அல்லது வயர் தளர்ந்திருக்கிறது. 250 மிமீ அகலத் தலையில் 32 சென்சார் இருந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 8 மிமீ. ஒன்று செத்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் 8 மிமீ அகலப் பட்டை ஒன்று பார்க்கப்படாமல் போகும். பக்கத்துச் சென்சார் பெரிய குழியைப் பிடித்துவிடும், சின்னக் குழி தப்பிவிடும்.

இரைச்சல் போடும் சேனலை எல்லோரும் கவனித்துச் சரிசெய்துவிடுகிறார்கள். அமைதியாகச் செத்ததுதான் ஆபத்து, ஏனென்றால் அது நல்ல தட்டைப் போலவே காட்சி தரும். அதனால் தினமும் ரெஃபரன்ஸ் ஓட்டத்தின்போது தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்தி, ஒரே குழியை எல்லாச் சேனலும் ஒருமுறையாவது பார்க்கும்படி ஓட்டுங்கள்.

ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு

த்ரெஷோல்டை ஏற்றத்தான் கை முதலில் போகும். ஏற்றாதீர்கள். தட்டு முழுக்க அரித்திருக்கவும் கூடும், அதை மறைத்துவிடுவீர்கள்.

காந்தத்தின் அடியைப் பாருங்கள். துருச் செதில், இரும்புத் தூள், வெல்டிங் பொரி எல்லாம் காந்த முனையில் முள்ளம்பன்றி போல நட்டுக்கொண்டு நிற்கும். தட்டை ஸ்டீல் கிரிட் போட்டு பிளாஸ்ட் செய்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மூலையில் பெருக்காமல் விட்ட கிரிட் அத்தனையையும் காந்தம் இழுத்துக்கொள்ளும். இந்தத் தூள் இரு முனைகளுக்கும் நடுவே தாடிபோல வளர்ந்தால் புலத்தில் ஒரு பங்கு தட்டுக்குள் போகாமல் தூள் வழியே குறுக்கே ஓடிவிடும். அப்போது இரைச்சல் கூடும், உண்மையான சிக்னல் குறையும். இரண்டும் ஒன்றாக நடப்பதால் குழப்பம்.

துணியால் துடைத்தால் தூள் போகாது, இன்னும் உள்ளே நகரும். அகலமான பேக்கிங் டேப்பைப் பசைப்பக்கம் காந்தத்தில் அழுத்தி ஒட்டிப் பிய்த்தெடுங்கள்; நாலைந்து முறை செய்தால் சுத்தமாகிவிடும். மிச்சத்தை மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் ஸ்கிரேப்பராலோ சுரண்டுங்கள். இரும்பு ஸ்கிரேப்பர் வேண்டாம், விரலோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

காந்தம் சுத்தமாக இருந்தும் சிவப்பு குறையவில்லை என்றால் தரைதான் காரணம். தளர்ந்த துருச் செதில்மேல் சக்கரம் ஏறி இறங்கும்போது தலை அதிரும். ஒவ்வோர் அதிர்வும் ஒரு பொய் சிக்னல். உள்ளங்கையைத் தட்டில் தேய்த்துப் பாருங்கள். செதில் கையோடு வந்தால் தட்டு ஸ்கேனுக்குத் தயாராகவில்லை. வெல்டிங் பொரியை உளியால் தட்டியெடுத்து, தரையைப் பெருக்கி, வேக்குவம் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சுத்தம் செய்யும் கான்ட்ராக்டரோடு இதற்காக வாதாட வேண்டிவந்தால் வாதாடலாம். அழுக்குத் தரையில் எடுத்த ஸ்கேனை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

இவ்வளவும் செய்து, ரெஃபரன்ஸிலும் சரியாக இருந்து, அப்படியும் தட்டு முழுக்க சிக்னல் வருகிறதா? பத்து இடத்தில் யூடி (ஒலியலையால் தடிமன் அளக்கும் கருவி) வையுங்கள். தட்டு முழுக்க அரித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

தெரிந்த குழியே சிக்னலில் வரவில்லை

இதில் நிதானம் வேண்டும். காரணங்கள் பல, எல்லாமே பாதுகாப்பைத் தொடுபவை.

முதல் காரணம் உயரம். சென்சாருக்கும் உலோகத்துக்கும் இடையே தூரம் கூடக்கூட சிக்னல் வேகமாக விழும். அரை மிமீ எபாக்சி பெயின்டுக்கும் 3 மிமீ ஃபைபர்கிளாஸ் லைனிங்குக்கும் ஒரே செட்டிங் வைத்தால் லைனிங் பக்கம் குழிகள் மறைந்துபோகும். கோட்டிங் தடிமன் அளக்கும் டிஎஃப்டி மீட்டரைத் தட்டுக்கு ஐந்து இடத்திலாவது வைத்துப் பாருங்கள். பழைய டேங்க்கில் ஒரே தட்டிலேயே பழுதுபார்த்த இடம் இரண்டு மடங்கு தடிமனாக இருக்கும். சக்கரத் தேய்மானமும் இதே கணக்கில்தான் வரும், ஆனால் எதிர்த்திசையில்: 1 மிமீ தேய்ந்த சக்கரம் தலையைத் தட்டுக்கு 1 மிமீ அருகில் கொண்டுவரும், சிக்னல் கூடும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தேய்ந்தால் தலை சாய்ந்து, ஒரு ஓரம் மிகையாகவும் மறு ஓரம் குறைவாகவும் காட்டும்.

இரண்டாவது, தட்டு நிரம்பாமல் இருப்பது. 6 மிமீ தட்டை நிரப்பும் காந்தம் 12 மிமீ தட்டை நிரப்பாது. நிரம்பாத தட்டில் குழி வந்தால் புலம் வெளியே பிதுங்கத் தேவையில்லை. மிச்சமிருக்கும் உலோகத்துக்குள் நெருக்கிக்கொண்டு போய்விடும். ஓரத்தில் இருக்கும் ஆனுலர் ப்ளேட் பெரும்பாலும் நடுத்தட்டைவிடத் தடிமன் கூடியது. நடுத்தட்டின் செட்டிங்கோடு அதன்மேல் ஏறினால் எல்லாம் சுத்தமாக இருப்பதுபோல் தோன்றும். தட்டுக்குக் கீழே பழைய பேட்ச் ப்ளேட் இருந்தாலும் இதே கதை.

மூன்றாவதுதான் அதிகம் தவறவிடப்படுவது: குழியின் வடிவம். ஒரு 6 மிமீ தட்டில் மூன்று குறைகளை நினைத்துக்கொள்ளுங்கள், மூன்றும் 3 மிமீ ஆழம். ஒன்று 10 மிமீ விட்டமுள்ள செங்குத்துச் சுவர்க் குழி. அது சிக்னலில் ஊசிபோல எழும். இரண்டாவது 2 மிமீ அகலமே உள்ள ஊசித்துளை. இழந்த உலோகம் கொஞ்சம் என்பதால் இரைச்சலுக்குள் ஒளிந்துகொள்ளும். மூன்றாவது ஒரு சாண் அகலத்துக்குக் கிண்ணம்போல மெல்லச் சரியும் அரிப்பு. இழந்த உலோகம் அதில்தான் அதிகம், ஆனால் ஓரம் கூர்மையாக இல்லாததால் புலம் திடீரென்று திரும்ப வேண்டியதில்லை. சிக்னல் மேடும் பள்ளமுமாக லேசாக அசைந்துவிட்டு அடங்கிவிடும். ஆழம் மூன்றுக்கும் ஒன்றுதான், கருவி சொல்வதோ மூன்று விதம்.

ஊசித்துளையைப் பிடிக்க த்ரெஷோல்டை இறக்கி, மெல்ல ஓட்டி, கிடைக்கும் ஒவ்வொரு சின்னக் கூர்மையையும் யூடியில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அகலக் கிண்ணத்துக்கு எம்எஃப்எல்லை நம்பாதீர்கள். ஒவ்வொரு தட்டிலும் நாலு மூலை, நடு என்று ஐந்து இடத்திலாவது யூடி வைத்து அடிப்படைத் தடிமன் எடுங்கள். பக்கத்துத் தட்டைவிட ஒரு தட்டு ஒட்டுமொத்தமாக 1 மிமீ மெலிந்திருப்பதை இந்த ஐந்து புள்ளி சொல்லும், ஸ்கேனர் சொல்லாது.

நாலாவது, திசை. காந்தப்புலம் ஓடும் திசைக்கே நீளவாக்கில் கிடக்கும் ஒடுக்கமான அரிப்புக் கால்வாய் புலத்தைக் குறுக்கே மறிப்பதில்லை, அதனால் தெரிவதில்லை. கால்வாய் அரிப்பு என்று சந்தேகம் வந்த தட்டில் கருவியை 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை ஓட்டுங்கள்.

போகும்போது ஒரு சிக்னல், திரும்பும்போது வேறு சிக்னல்

பலர் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் கருவி சரியாகத்தான் இருக்கிறது, அது உங்களுக்கு ஒரு தகவல் சொல்கிறது.

முதல் ஓட்டம் தட்டில் எஞ்சிய காந்தத்தை விட்டுச் செல்லும். கருவியைத் திருப்பிக்கொண்டு எதிர்த்திசையில் வரும்போது காந்தம் முதலில் அந்த மிச்சத்தை அழித்துவிட்டு அப்புறம் புதிதாக ஏற்ற வேண்டும். தட்டு முழுமையாக நிரம்பியிருந்தால் பழைய நினைவு அழிந்துபோகும், இரண்டு ஓட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பெரிய வித்தியாசம் வந்தால் தட்டு நிரம்பவில்லை என்று பொருள். தடிமன் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலா, கோட்டிங் தடிமனா, காந்தத்தில் தூள் தாடி வளர்ந்திருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள்.

வேகமும் காரணமாகலாம். தடிமனான தட்டில் வேகமாக ஓட்டினால் தட்டுக்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, புலம் அடிவரை இறங்குவதைத் தாமதப்படுத்தும். சிக்னல் ஒரு பக்கம் இழுத்தாற்போலச் சாய்ந்திருக்கும். வேகத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். சாய்வு குறைந்தால் காரணம் அதுதான். எல்லாத் தடத்தையும் ஒரே திசையில் ஓட்டுவது நேரம் பிடிக்கும், ஆனாலும் 10 மிமீக்கு மேற்பட்ட தட்டில் அப்படித்தான் செய்ய வேண்டும்.

சிக்னல் பலமாக வருகிறது, யூடி வைத்தால் முழுத் தடிமன்

பொய் சிக்னல் என்று எழுதிவிட்டு நகர்வதற்குமுன் யூடியைச் சந்தேகியுங்கள்.

யூடி எடுப்பது பொதுவாக 5 மெகாஹெர்ட்ஸ் இரட்டைப் படிக ப்ரோபில். செங்குத்துச் சுவரும் கூம்பு முனையும் உள்ள குழி ஒலியைத் திருப்பி அனுப்பாது, பக்கவாட்டில் சிதறவிடும். அதனால் குழிக்கு நேர்மேலே வைத்தால் தடிமன் குறைவாக வருவதற்குப் பதில் எதிரொலியே காணாமல் போகும். ஆபரேட்டர் கப்ளன்ட் (ப்ரோபுக்கு அடியில் தடவும் பசை) சரியில்லை என்று நினைத்து ப்ரோபை அரை அங்குலம் தள்ளி வைப்பார், அங்கே 6.0 வரும், 6.0 என்று எழுதிவிடுவார். நல்ல தட்டில் எதிரொலி மறைந்தால் அதுவே எச்சரிக்கை. சிக்னல் வந்த இடத்தைச் சுற்றி 100 க்கு 100 மிமீ கட்டம் போட்டு, 5 மிமீ அடியெடுத்து, திரையில் அலைவடிவத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். எண் மட்டும் காட்டும் மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

இடம் தவறுவதும் உண்டு. குறி போடும் புள்ளிக்கும் சென்சார் வரிசைக்கும் இடையே உள்ள தூரத்தை ரெஃபரன்ஸ் ப்ளேட்டில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 30 மிமீ தள்ளிச் சுண்ணாம்புக் குறி போட்டால் யூடி ஆபரேட்டர் நல்ல உலோகத்தைத்தான் அளப்பார்.

இதைவிடப் பெரிய பொறி பெயின்ட். பெயின்டில் ஒலி நொடிக்குச் சுமார் 2500 மீட்டர், ஸ்டீலில் 5920. மீட்டர் ஸ்டீல் வேகத்தில் கணக்குப் போடுவதால் 0.5 மிமீ பெயின்ட் 1.2 மிமீ ஸ்டீலாகத் தடிமனில் சேர்ந்துவிடும். இதன் விளைவை ஒரு கணக்கில் பாருங்கள். டேங்க் சோதனைக்கான அமெரிக்கத் தரவிதி ஏபிஐ 653 படி, கசிவைக் கண்டுபிடித்துத் தடுக்கும் ஏற்பாடு இல்லாத டேங்க்கில், அடுத்த சோதனை நாளில் அடித்தட்டு 2.5 மிமீயாவது இருக்க வேண்டும். அடிப்பக்க அரிப்பு ஆண்டுக்கு 0.2 மிமீ, மேல்பக்கம் கோட்டிங் இருப்பதால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் மிச்சம் 4.1 மிமீ என்றால் 1.6 ஐ 0.2 ஆல் வகுத்து, எட்டு ஆண்டு. பெயின்டோடு அளந்து 5.3 என்று எழுதினால் பதினாலு ஆண்டு. அந்த நடுவிலுள்ள ஆறு ஆண்டில் தட்டு எல்லையைத் தாண்டி மெலியும், எண்ணெய் நிலத்தடி நீரைத் தேடிப் போகக்கூடும். பெயின்டைக் கணக்கில் சேர்க்காமல், தட்டின் அடுத்தடுத்த இரண்டு எதிரொலிக்கு நடுவே உள்ள நேரத்தை அளக்கும் முறையில் எடுங்கள். இரண்டாவது எதிரொலி வரவில்லை என்றால் அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு வையுங்கள்.

இத்தனையும் பார்த்து, தடிமன் உண்மையிலேயே முழுதாக இருந்தால் அப்போது வேறு காரணம் தேடலாம். கட்டுமானக் காலத்தில் பிடிப்புத் துண்டை வெல்டு செய்து பின்பு வெட்டியெடுத்த தழும்பு, எலக்ட்ரோடு தட்டிய இடத்தில் கடினமான புள்ளி, தட்டுக்கு அடியில் சிக்கிய கம்பித் துண்டு. இவை உலோகத்தைக் குறைக்காமலே புலத்தைத் திருப்பும். மேல்பக்கக் குழி என்றால் கண்ணுக்கே தெரியும். எம்எஃப்எல் மேல்பக்கத்தையும் கீழ்பக்கத்தையும் பிரித்துச் சொல்லாது என்பதால் கண்பார்வைச் சோதனையை ஸ்கேனுக்கு முன்பே முடித்து, மேல் குழிகளின் ஆழத்தைப் பிட் கேஜால் அளந்து வரைபடத்தில் குறித்துவிடுங்கள். மேலே குழி இருப்பதால் கீழே இருக்காது என்று நினைக்க வேண்டாம். இரண்டும் நேருக்கு நேர் வந்தால் மிச்சம் இரண்டையும் கழித்ததுதான்.

ஸ்கேன் சுத்தம், யூடி சோதனையில் மெலிவு

இதுதான் மிக மோசமான அறிகுறி. வேலையை நிறுத்துங்கள்.

கடைசியாக ரெஃபரன்ஸ் ப்ளேட் சரியாக வந்தது எப்போது என்று நோட்டைத் திறந்து பாருங்கள். அந்த வரிக்குப் பிறகு ஓட்டிய தட்டு ஒவ்வொன்றும் மறுபடி ஓட்டப்பட வேண்டும். நோட்டில் வரி இல்லை என்றால் முதல் தட்டிலிருந்து. தடத்துக்குத் தடம் 25 முதல் 50 மிமீ வரை ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நேர்கோட்டில்தான் ஓட்டினேன் என்று தோன்றும், ஆறு மீட்டர் நீளத் தட்டின் மறுமுனைக்குப் போவதற்குள் ஒரு கை அகலம் விலகியிருக்கும். நூலைச் சுண்ணாம்பில் தோய்த்துக் கோடு அடித்துக்கொண்டு ஓட்டினால் இந்தப் பிரச்சினை வராது.

தடம், செட்டிங், ரெஃபரன்ஸ் மூன்றும் சரி என்றால் மிச்சமிருப்பது மேலே சொன்ன அகலக் கிண்ணம்தான். அந்தத் தட்டுக்கு எம்எஃப்எல் முடிவை ஏற்க வேண்டாம். யூடி கட்டம் போடுங்கள்.

வெல்டு ஓரத்தில் மட்டும் சிக்னல், எல்லாத் தட்டிலும்

ஒரு தட்டின் ஓரத்தை இன்னொன்றின்மேல் ஏற்றி ஒட்டும் லேப் வெல்டு ஒரு படிக்கட்டு. சக்கரம் அதன்மேல் ஏறும்போது தலை தூக்கிக்கொள்ளும், காந்த முனை தட்டை விட்டு விலகும், வெல்டின் கூடுதல் உலோகம் புலத்தைத் தன் பக்கம் இழுக்கும். அந்தச் சிக்னலில் நம்புவதற்கு ஒன்றுமில்லை. வெல்டு ஓரத்திலும் ஷெல் சுவர் ஓரத்திலும் ஸ்கேனர் போக முடியாத பட்டை எப்போதும் இருக்கும். கருவியின் நீளத்தைப் பொறுத்து அதன் அகலம் மாறும். உங்கள் கருவிக்கு எவ்வளவு என்று ரெஃபரன்ஸ் ப்ளேட்டின் விளிம்பில் ஓட்டி அளந்து, அறிக்கையில் எழுதுங்கள்.

ஷெல்லிலிருந்து உள்ளே 75 மிமீ வரையிலான பகுதியை ஏபிஐ 653 முக்கியப் பகுதி என்று தனியாகப் பிரிக்கிறது. டேங்க் சுவரின் சுமை அங்கேதான் இறங்குகிறது. வெளியிலிருந்து மழைநீர் தட்டுக்கு அடியில் நுழைவதும் அந்த ஓரம் வழியாகத்தான். அதாவது அரிப்புக்கு அதிக வாய்ப்புள்ள இடமும் பெரிய ஸ்கேனர் எட்டாத இடமும் ஒன்றே. அங்கே சின்னக் கை ஸ்கேனர், அதோடு இடைவெளி விடாமல் யூடி. வெல்டில் கசிவு பார்க்கும் வேக்குவம் பாக்ஸ் தனி வேலை, எம்எஃப்எல் அதற்கு மாற்று ஆகாது.

மத்தியானத்துக்குமேல் அளவு நகர்கிறது

வெயிலில் காய்ந்த டேங்க் உள்ளே அடுப்பு. நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.12 விழுக்காடு வலு இழக்கும். 20 டிகிரி ஏறினால் இரண்டரை விழுக்காடுகூட இல்லை. அதனால் காந்தத்தைக் குறை சொல்ல வேண்டாம். நகர்வது பெரும்பாலும் சென்சாரின் பூஜ்யப் புள்ளியும் இறங்கிவரும் பேட்டரியும்தான். ஏசி வண்டியிலிருந்து எடுத்த கருவியை டேங்க்குக்குள் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பூஜ்யம் செய்யுங்கள். ஆளுக்கும் அதே வெயில்தான். களைத்த ஆள் தள்ளும் வேகம் மாறும், தடம் கோணும். முக்கால் மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

ஸ்கேனர் தள்ள முடியாமல் ஒட்டிக்கொள்கிறது

தட்டு வீங்கி மேடான இடத்தில் நடுப்பாலம் தட்டைத் தொட்டுவிடும். இழுத்துப் பிடுங்காதீர்கள். மர ஆப்பு அல்லது பித்தளை ஆப்பை ஒரு ஓரத்தில் நுழைத்து, சாய்த்து விடுவியுங்கள். காந்தத்துக்கும் தட்டுக்கும் நடுவே விரல் போனால் எலும்பு நொறுங்கும். பேஸ்மேக்கர் வைத்தவர் இந்தக் கருவியின் பக்கம் வரவே கூடாது. டேங்க் வாசலில் பெயர் எழுதும்போதே கேட்டுவிட வேண்டும். காந்தம் இரும்பில் அடித்தால் பொறி பறக்கலாம் என்பதால், எரிவாயு அளவு பூஜ்யம், ஆக்சிஜன் 20.9 என்று மீட்டர் காட்டாமல் கருவியை உள்ளே இறக்காதீர்கள். அடியிலுள்ள ஓட்டை வழியாக மண்ணில் ஊறிய எண்ணெயின் ஆவி மேலே வருவதும் உண்டு, மீட்டர் வேலை முடியும்வரை தரைமட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

ஸ்கேன் முடிந்தது, வெல்டர் ஆர்க் இழுக்கிறது என்கிறார்

ஓட்டை விழுந்த இடத்தில் பேட்ச் வைக்க வந்தவருக்கு ஆர்க் ஒரு பக்கமாகச் சாயும், பொரி தெறிக்கும், வெல்டு ஒட்டாது. நீங்கள் விட்டுச் சென்ற எஞ்சிய காந்தம்தான் காரணம். காந்தப்புலத்தை அளக்கும் காஸ் மீட்டரை இடைவெளியில் வையுங்கள். 10 காஸுக்குள் இருந்தால் பொதுவாகத் தொல்லை இல்லை. 20 ஐத் தாண்டினால் தொல்லை ஆரம்பம், 40 இல் வேலையே நடக்காது.

மீட்டர் 0.4 காட்டினால் அது பூமியின் காந்தப்புலம், தட்டினுடையது அல்ல. பூமிப் புலம் படுக்கையாக ஓடும் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போவதால் தமிழ்நாட்டில் பூமிப் புலம் கிட்டத்தட்டப் படுக்கையாகவே ஓடுகிறது. ப்ரோபை வடக்குத் தெற்காகப் படுக்கவைத்தால் 0.4 வரும், நிமிர்த்தினால் ஏறக்குறைய பூஜ்யம். இரண்டு விதமும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எஞ்சிய காந்தத்தை எடுப்பதற்கு எளிய வழி ஏசி யோக், அதாவது ஏசியில் ஓடும் கை மின்காந்தம். சுவிட்சை அழுத்திப் பிடித்தபடியே, வெல்டு செய்யப்போகும் ஓரம் முழுக்க மெல்ல நகர்த்தி, அணைக்காமல் அரை மீட்டர் தூரம் தூக்கிவந்த பிறகு விடுங்கள். தட்டுக்கு அருகிலேயே சுவிட்சை விட்டால் புதிதாக ஒரு காந்தத்தைப் பதித்துவிடுவீர்கள். இதற்கும் குறையவில்லை என்றால் டிசிக்குப் பதில் ஏசியில் வெல்டு செய்யச் சொல்லுங்கள், எர்த் கேபிளைப் பேட்ச்சின் இரு பக்கமும் போடச் சொல்லுங்கள், நெருக்கமாக டேக் (சின்னச் சின்ன முன்வெல்டு) வைத்து இடைவெளியை முதலில் பாலம் கட்டச் சொல்லுங்கள். டேக் விழுந்ததும் புலம் அதன் வழியே போய்விடும். மீட்டரை மறுபடி வைத்தால் இடைவெளியில் எண் இறங்கியிருப்பது தெரியும்.